பழம்படங்களில் ஓடும் மோட்டார் வண்டிகள்

பழைய சினிமாப் படமொன்றைக் காண்போருள் பெரும்பாலோர் கதையை நோக்குவர். சிலர் பாட்டைக் கேட்பர். வேறு சிலர் நடிகர் நடிகையரின் முகங்களையே கண்டு மகிழ்வர். தெருவோரத்தில் நிற்கும் மோட்டார் வண்டியை நோக்குவார் மிகச் சிலர். அம்மிகச் சிலரோடு யாமும் சேர்ந்தவரென்பதை முதற்கண் கூறிவிடுதல் நலம். தொல்காப்பியம் ஓதுவார்க்கு இரும்பு வண்டியோடு என்ன உறவு என்று விடுதித் தோழர் எம்மை வினவுவதுண்டு. உறவு உண்டு என்பதே எம் கொள்கை. ஆசிரியன் பெயரும் காலமும் தெரியாத நூலொன்றை அதன் அகத்தே கிடக்கும் சான்றுகொண்டு ஆராய்வதற்கும், தலைப்பும் முடிவும் இழந்த படச்சுருளொன்றை அதில் ஓடும் வண்டிகொண்டு ஆராய்வதற்கும் முறை ஒன்றே. அம்முறை இன்னதென விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனால் விளையும் பயன் யாது என்பாரும் உளர். பேசாப் படக் காலத்தில், 1912 முதல் 1929 வரை, அமெரிக்காவில் எடுக்கப்பட்ட முழுநீளக் கதைப்படங்கள் ஏறக்குறைய 11,000. அவற்றுள் முதலில் வெளிவந்த வடிவிலேயே இன்றும் கிடைப்பன 100க்கு 14 அளவினவே என்று அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி கூறுகின்றது. அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டால் ஆயது. தீயில் வெந்தனவும், பெட்டிக்குள்ளேயே மக்கிப் பொடியானவும், உள்ளிருக்கும் வெள்ளியின்பொருட்டு உருக்கப்பட்டனவும் பல. எஞ்சியவற்றுள்ளும் பெயரின்றி, ஆண்டின்றி, நடுவில் ஒரு பகுதி மட்டுமாய்க் கிடக்கும் துண்டுகள் மிகுதி. நம் ஏட்டுச்சுவடிகளைச் செல் அரித்த வரலாற்றை அறிந்தார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. விர்ஜீனியா மாகாணத்துக் கல்பெப்பர் என்னும் ஊரிலுள்ள அந்நூலகத்தின் படக் காப்பகத்தில் 2012 முதல் சில ஆண்டுகள் ஒரு கூட்டம் கூடிற்று. பேசாப் படங்கள் ஓடும்போது வாய்திறவாமல் இருத்தலே எங்கும் வழக்கம். ஆங்கோ, பெயர் தெரியாத துண்டுகளைத் திரையிலிட, கூடியிருப்போர் தமக்குத் தெரிந்ததை உரக்கக் கூவலாம். ஒருவர் நடிகனின் பெயரைச் சொல்வார். ஒருவர் தெருவின் பெயரைச் சொல்வார். மற்றொருவர், அவ்வண்டி இன்ன ஆண்டினது என்பார். அக்காப்பகம் பாக்கார்டு என்னும் பெயர் தாங்கியது. அது பொருளுதவி புரிந்த குடும்பத்தின் பெயரேயன்றிப் புகழ்பெற்ற பாக்கார்டு மோட்டார் வண்டியின் பெயரன்று. வண்டிப் பித்தர் இவ்வொற்றுமை கண்டு ஏமாறாதிருப்பாராக.

இனி, முறையின் அடிப்படையைக் கூறுவாம். சிலப்பதிகாரத்தில் இலங்கை வேந்தன் கயவாகு குறிக்கப்படுகின்றான். அவனை மகாவம்சம் கூறும் முதலாம் கஜபாகுவாகக் கொண்டு, செங்குட்டுவன் காலம் கி.பி. இரண்டாம் நூற்றாண்டு என்று துணிந்தாருமுளர், அதனை மறுத்தாருமுளர். அவ்வழக்கினுள் யாம் புகவில்லை. எனினும் ஒன்று இரு திறத்தார்க்கும் உடன்பாடு. கயவாகுவைக் கூறும் நூல் கயவாகுவுக்கு முற்பட்டதாகாது. அவனுக்குப் பின் எத்துணைக் காலம் கழித்தும் அஃது எழுதப்பட்டிருக்கலாம். மோட்டார் வண்டியின் சான்றும் இத்தகையதே. 1934ஆம் ஆண்டு வண்டி தோன்றும் காட்சி 1934க்கு முன் எடுக்கப்பட்டிருக்க முடியாது. 1954இல் எடுக்கப்பட்டிருத்தல் கூடும். வண்டி முன்னெல்லையைக் காட்டும், பின்னெல்லையைக் காட்டாது. காட்சியில் பத்து வண்டிகள் இருப்பின் அவற்றுள் புதியது எதுவோ அதுவே எல்லையைத் தீர்மானிக்கும். ஒன்பது பழைய வண்டிகளை இனங்கண்டு மகிழ்ந்து, மூலையில் நிற்கும் பத்தாவதை விட்டுவிடுவோன் முறையறியாதவன்.

வண்டியை எவ்வாறு இனங்காண்பது? முதலில் நோக்க வேண்டுவது முகம். பழைய வண்டிகட்கு முகமாய் விளங்கியது ரேடியேட்டர். எஞ்சினைச் சுற்றிச் சூடேறிவரும் நீரைக் காற்றால் ஆற்றும் அவ்வுறுப்பு வண்டியின் முன்னே வெளிப்படையாய் நிற்கும். ஒவ்வொரு கம்பெனியாரும் அதன் சட்டத்திற்கு ஒவ்வொரு வடிவம் கொடுத்து, அதனை ஆண்டாண்டுகளாக மாற்றாமற் காத்தனர். ரோல்ஸ் ராய்ஸ் வண்டியினது கிரேக்கக் கோயிலின் முகப்பைப் போன்று மேலே முக்கோணமும் கீழே தூண்களுமாய் இருக்கும். 1911 முதல் அதன் உச்சியில் சார்லஸ் சைக்ஸ் என்னும் சிற்பி வடித்த பெண்ணுருவம் ஆடை பறக்க முன்சாய்ந்து நிற்கும். பிரான்சில் செய்யப்பட்ட புகாட்டியினது குதிரை லாடத்தின் வடிவு. பாக்கார்டினது மேல்விளிம்பு இருதோளும் சரிந்து நடுவே உயர்ந்து காளையின் நுகத்தை ஒக்கும். முகம் தெரியாவிடினும் அதன் சக்கரத்தின் நடுவே அறுகோணக் குறி உண்டு. அஃது உண்மையில் சிவப்பு நிறத்தது. கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் உதவாது, வடிவமே உதவும்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். பழைய படச்சுருள் சிவப்பொளியை உணராதது. சிவப்பு வண்டி அதில் கரியதாயும், நீல வண்டி வெளிறியதாயும் விழும். ஆகலின் இருபதுகளின் தொடக்கத்துப் படமொன்றில் வண்டி கறுப்பாய் இருந்தது என்று எவரேனும் துணிந்து கூறின், அவர் கூற்றை ஐயத்துடன் கேட்டல் தகும்.

முகத்தை அடுத்து விளக்குகள். பியர்ஸ் ஏரோ என்னும் அமெரிக்க வண்டி ஒன்றிருந்தது. பெருஞ்செல்வரும் நடிகரும் விரும்பி வாங்கியது. 1914 முதல் அதன் முன்விளக்குகள் மட்கார்டுகளின் மேலேயே, தவளையின் கண்கள் போலப் புடைத்து அமைந்தன. பிற வண்டிகளெல்லாம் ரேடியேட்டரின் இருமருங்கும் தனித்தண்டில் விளக்கைத் தாங்கிய காலத்தில், இரவுக் காட்சியிலுங்கூடப் பியர்ஸ் ஏரோ தன்னைத்தானே அறிவித்துவிடும். ஆயினும் வேண்டுவோர்க்குத் தண்டில் நிற்கும் விளக்குகளையும் அக்கம்பெனியார் பொருத்திக் கொடுத்தனர். எனவே மட்கார்டில் விளக்குண்டேல் பியர்ஸ் ஏரோ எனலாம்; இல்லையேல் பியர்ஸ் ஏரோ அன்று எனல் ஆகாது. தருக்க நூல் பயில்வார் இவ்வேறுபாட்டை எளிதில் உணர்வர்.

பெயர் தெரியாவிடத்தும் காலத்தைப் பொதுவகையால் அறியும் குறிகள் சில உள. அமெரிக்க வண்டிகளில் 1919 வாக்கில் பத்தில் ஒன்பது மேலே துணிக்கூரை மட்டும் உடைய திறந்த வண்டிகள். 1929 வாக்கில் பத்தில் ஒன்பது கண்ணாடி அடைத்த மூடுவண்டிகள். பத்தே ஆண்டில் நிகழ்ந்த இம்மாறுதல் தெருக்காட்சியில் உடனே புலப்படும். முன்னும் பின்னும் பம்பர் என்னும் தடுப்புச் சட்டம் பரவியது இருபதுகளின் நடுவில். ஏறுவதற்குரிய படிப்பலகை முப்பதுகளின் இறுதியில் மறையத் தொடங்கியது. தண்டில் நின்ற விளக்குகள் 1940ஐ ஒட்டி மட்கார்டினுள் புதைந்தன. பின்னர் மட்கார்டே உடலோடு கலந்து மறைந்தது. இக்குறிகளால் ஐந்தாறு ஆண்டுப் பிழையுடன் காலத்தைச் சொல்லிவிடலாம். ஆண்டைத் துல்லியமாய்ச் சொல்ல இவை போதா.

ஈண்டு ஃபோர்டு வண்டியைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். பழம்படங்களில் அதனைப்போல் மிகுதியாய்த் தோன்றும் வண்டி வேறில்லை. டி மாடல் என்று பெயர் பெற்ற அது 1908 முதல் 1927 வரை செய்யப்பட்டது. எண்ணிக்கை ஒன்றரைக் கோடிக்கு மேல். பத்தொன்பது ஆண்டு ஒரே வண்டி எனின், அதைக்கொண்டு ஆண்டை எவ்வாறு குறிப்பது என மலைப்பீர். ஹென்றி ஃபோர்டு ஆண்டுதோறும் புதுமை காட்டுவதை விரும்பாதவரேயெனினும், சிறு மாற்றங்கள் நிகழ்ந்தவண்ணமே இருந்தன. 1916 வரை ரேடியேட்டர் பித்தளையால் ஆயது. படத்தில் அது பளபளவென ஒளிவிடும். 1917 வண்டியில் பித்தளை போய்க் கரும்பூச்சுப் பூசிய இரும்புச் சட்டம் வந்தது. எஞ்சின் மூடியும் உருண்டு திரண்டது. 1915ஐ ஒட்டி ஆவிவிளக்கு நீங்கி மின்விளக்கு புகுந்தது. 1914 முதல் பல ஆண்டுகள் கறுப்பு நிறமொன்றே கொடுக்கப்பட்டது. 1926 மாடலில் பிற நிறங்கள் மீண்டன. வண்டியும் சற்றே தாழ்ந்து நீண்டது. ஆகவே ரேடியேட்டர் மின்னுகின்றதா இல்லையா என்னும் ஒரு வினாவே பத்தொன்பது ஆண்டை இருகூறாக்கிவிடும்.

இன்னுமொரு விந்தை. அமெரிக்காவில் செய்யப்பட்ட திறந்த டி மாடல் வண்டியில், ஓட்டுபவன் அமரும் இடப்புறத்தில் கதவு உள்ளதுபோல் தோன்றும். அது கதவன்று, தகட்டில் அழுத்திய கதவின் உருவமே. அப்புறத்தே கைத்தடை நிற்பதால் ஏறியிறங்க இடமில்லை. ஓட்டுபவன் வலப்புறக் கதவால் ஏறி இருக்கையின்மேல் நகர்ந்துதான் செல்லவேண்டும். கனடாவில் செய்யப்பட்ட அதே வண்டிக்கு அவ்விடத்தில் மெய்யான கதவே உண்டு. லாரல், ஹார்டி என்னும் இரட்டை விகடர்களின் குறும்படங்களில் அவர்கள் ஃபோர்டில் ஏறுவதே ஒரு கூத்தாய் முடிவதைக் கண்டு சிரித்திருப்பீர். பாதிச் சிரிப்பு அவர்களுடையது, மறுபாதி அவ்வண்டி அமைந்த முறையினது. அவர்களுடைய பிக் பிஸினஸ், பெர்ஃபெக்ட் டே ஆகிய இரண்டும் 1929இல் வந்தவை. அப்போது டி மாடல் செய்வது நின்று ஈராண்டு கழிந்துவிட்டது. உடைப்பதற்கும், சேற்றில் அமிழ்த்துவதற்கும் மலிவான பழைய வண்டியே ஏற்றது என்று படம் எடுத்தோர் கருதினர். வண்டியின் காலம் வேறு, படத்தின் காலம் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

டி மாடலுக்குப் பின்வந்த ஃபோர்டுகளில் ஆண்டைப் பிரித்தறிதல் எளிது. அதற்குக் காரணம் ஃபோர்டின் போட்டியாளரே. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் தலைவராய் விளங்கிய ஆல்ஃபிரட் ஸ்லோன் என்பவர், ஆண்டுதோறும் வண்டியின் தோற்றத்தைச் சிறிதேனும் மாற்றினால் சென்ற ஆண்டு வாங்கியவனுக்குத் தன் வண்டி பழையதாய்த் தோன்றும், அவன் புதியதை நாடுவான் என்று கணக்கிட்டார். இருபதுகளில் அவர் கண்ட இவ்வழி வென்றது; பின் அமெரிக்கக் கம்பெனிகள் யாவும் அதனையே பின்பற்றின. மக்கள் பணத்தை வீணாக்கிய சூழ்ச்சி இது என்பாரோடு எமக்கு மாறுபாடில்லை. எனினும் வாங்குவோரைப் பிடிக்க ஸ்லோன் விரித்த வலை, நூறாண்டு கழித்துப் படத்தின் காலத்தைத் தேடுவார்க்குப் பஞ்சாங்கமாய் உதவுகின்றது. 1933ஆம் ஆண்டு ஃபோர்டையும் 1934ஆம் ஆண்டு ஃபோர்டையும் அருகருகே நிறுத்தின் உடன்பிறந்த இரட்டையர் என்றே தோன்றும். ஆயினும் 1933 வண்டியின் எஞ்சின் மூடியில் பக்கத்திற்கு ஒரு கைப்பிடி. 1934 வண்டியில் பக்கத்திற்கு இரண்டு. மூடியின் பக்கங்களில் வெட்டிய காற்றுவரிகள் முன்னதில் வளைந்தவை, பின்னதில் நேரானவை. கொள்ளைக்காரர் ஓடி ஒளியும் முப்பதுகளின் படங்களில் இவ்வண்டிகளே மிகுதியும் பறக்கின்றன. கைப்பிடியை எண்ணினால் ஆண்டு கிடைத்துவிடும். ஐரோப்பியக் கம்பெனிகள் பலவற்றில் இவ்வசதி இல்லை. 1934இல் தோன்றிய சித்ரோயன் கம்பெனியின் முன்சக்கர இயக்க வண்டி 1957 வரை பெரிதும் உருமாறாமல் வந்தது. பிரெஞ்சுத் துப்பறியும் படங்களில் அதனைக் கண்டு ஆண்டு கூறப் புகுவோர் பிற குறிகளையும் தேடுதல் வேண்டும்.

அமெரிக்கப் பஞ்சாங்கத்திலும் ஓர் இடைவெளி உண்டு. இரண்டாம் உலகப் போரின்பொருட்டு 1942 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான வண்டிகள் செய்வது நிறுத்தப்பட்டது. 1945இன் நடுவில்தான் மீண்டும் தொடங்கிற்று. 1946 என்று விற்கப்பட்டவை பெரும்பாலும் 1942ஆம் ஆண்டு வண்டிகளே. முகப்பில் மட்டும் சிறு மாற்றம். 1942 வண்டிக்குப் பிற்பட்ட வண்டியே இல்லாத தெருக்காட்சி 1942இலும் எடுக்கப்பட்டிருக்கலாம், 1945இலும் எடுக்கப்பட்டிருக்கலாம். இவ்விடத்தில் வண்டி ஊமையாகிவிடும்.

இனி நம் நாட்டை நோக்குவோம். ஃபோர்டு கம்பெனி 1926இல் இந்தியாவில் தன் கிளையை நிறுவியபோது, அது கனடாவின் ஃபோர்டு கம்பெனிக்கு உட்பட்டதாகவே அமைந்தது. ஆங்கில ஆட்சிக்குட்பட்ட நாடுகட்கு வலப்புற ஸ்டியரிங் உள்ள வண்டிகள் அங்கிருந்தே வந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பம்பாய்ச் சீவ்ரியில் வண்டிகளைப் பூட்டிச் சேர்த்தது. நாடு விடுதலை பெற்றபின், உள்நாட்டில் செய்யப்படும் வண்டிகளையே வளர்க்க வேண்டும் என்னும் அரசாங்கக் கொள்கையால் ஐம்பதுகளின் நடுவில் இவ்விரு கம்பெனிகளும் தம் வேலையை நிறுத்தின. இதன்பின் இந்தியப் படங்களின் தெருவே வேறாகிவிட்டது. இந்துஸ்தான் அம்பாசடர் 1957ஐ ஒட்டித் தோன்றிற்று. எனவே அதனைக் காட்டும் படம் அதற்கு முற்பட்டதாகாது. ஆனால் அவ்வண்டி 2014 வரை செய்யப்பட்டதாகலின் டி மாடலைவிட மும்மடங்கு இடர் தருவது. 1962இல் வந்த இரண்டாம் மார்க்கின் முகப்பில் கட்டங்கட்டமாய் அமைந்த சல்லடையைக் கொண்டு முதல் மார்க்கைப் பிரித்தறியலாம். ஃபியட் 1100 வண்டி 1954 முதல் பம்பாயில் வந்தது. வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு கம்பெனியின் ஹெரால்டு அறுபதுகளின் தொடக்கத்தது. அறுபதுகளின் தமிழ்ப் படத்தில் செல்வந்தர் வீட்டு வாசலில் நீண்ட அமெரிக்க வண்டி நிற்குமானால் அது படத்தின் காலத்தைக் காட்டுவதன்று. அவர் செல்வத்தைக் காட்டுவது.

பழைய வண்டியையே கதைத் தலைவனாக்கிய இந்தியப் படமும் உண்டு. ரித்விக் கட்டக் 1958இல் எடுத்த வங்காளப் படமாகிய அஜாந்திரிக்கில், பிமல் என்னும் டாக்ஸிக்காரன் ஜகத்தல் என்று பெயரிட்டு உயிரினும் மேலாய்ப் போற்றுவது 1920ஆம் ஆண்டுச் செவ்ரோலே வண்டி. வண்டிக்கும் படத்திற்கும் இடையே 38 ஆண்டு. அவ்விடைவெளியை உணராதவனுக்குக் கதையே விளங்காது. ஊரார் நகைப்பதும் பிமல் சீறுவதும் அதனாலன்றோ?

தமிழ்நாட்டின் முதற்படத்திற்கும் மோட்டார் வண்டிக்கும் உள்ள தொடர்பு பலர் அறியாதது. கீசகவதம் என்னும் பேசாப் படத்தை எடுத்துத் தென்னாட்டுச் சினிமாவுக்கு வித்திட்ட ஆர். நடராஜ முதலியார் சென்னையில் மோட்டார் உறுப்புகளை விற்கும் வாணிகம் நடத்தியவர். 1917இல் அவர் சென்னையில் தம் படக் கம்பெனியை நிறுவினார். படம் மகாபாரதக் கதையாதலின் அதில் மோட்டார் வண்டிக்கு இடமில்லை. படமும் இன்று இல்லை, முற்றும் அழிந்துபோயிற்று.

இனி, ஆராய்வோர் விழும் குழிகள் சிலவற்றைக் காட்டுவாம். பழைய பெருவிலை வண்டிகளில் எஞ்சினும் அடிச்சட்டமும் ஒரு கம்பெனியினது. மேற்கூடு வேறொரு தச்சுப்பட்டறையினது. ஒரே அடிச்சட்டத்தின்மேல் பத்துப் பட்டறைகள் பத்து விதமாய்க் கூடு கட்டின. ஆதலால் கூட்டைக் கண்டு பெயர் கூறாது முகத்தையும் சக்கரத்தையும் கண்டே கூறுதல் வேண்டும். சில சமயம் முகமும் பொய்க்கும். 1937இல் வெளிவந்த டாப்பர் என்னும் படத்தில் இறந்த கணவனும் மனைவியும் ஆவியுருவில் ஓட்டும் வண்டி உலகில் எக்கம்பெனியின் பட்டியலிலும் இல்லாதது. 1936ஆம் ஆண்டுப் பியூக் அடிச்சட்டத்தின்மேல் போமன் அண்டு ஷ்வார்ட்ஸ் என்னும் பட்டறையார் அப்படத்திற்கென்றே கட்டிய கூடு அது. அதனைப் பெயர் சொல்ல முயன்று தோற்பவர் வருந்த வேண்டுவதில்லை.

வண்டி செல்லும்போது அதன் பின்னே ஓடும் தெரு மெய்யான தெருவன்று. முன்னர் எடுத்த படத்தைத் திரையிலிட்டு, அதன்முன் நிறுத்திய வண்டியில் நடிகரை அமர்த்தி எடுப்பதே ஹாலிவுட் வழக்கம். பின்னே ஓடும் தெரு பல ஆண்டு முந்தியதாய் இருக்கலாம். மலைமேலிருந்து உருண்டு விழுந்து எரியும் வண்டியோ, விழுவதற்கு முன்கணம் நாம் கண்ட வண்டியினும் சில ஆண்டு மூத்ததாய் இருப்பதுண்டு. புது வண்டியை எரிக்க முதலாளிக்கு மனம் வருமோ?

பழங்காலக் கதையைப் பிற்காலத்தார் எடுத்த படங்களில் வேறுவகை இடர். 1972இல் வந்த காட்ஃபாதர் படத்தில், போர் முடிந்த ஆண்டின் நிகழ்ச்சிகளிற் சில வண்டிகளுக்கு மரத்தால் ஆன பம்பர் பூட்டியிருப்பர். போர்க்காலத்தில் குரோமியம் பூசிய இரும்புக்கு நேர்ந்த பஞ்சத்தை நினைந்து செய்த நுட்பம் அது. இத்துணை நுட்பம் எல்லாரிடத்தும் இல்லை. பிற்காலத்தார் எடுத்தது என்பதைக் காட்டிக்கொடுக்கும் குறி, எம் கருத்தில், வண்டிகளின் தூய்மையே. மெய்யான 1935ஆம் ஆண்டுத் தெருவில் அவ்வாண்டு வண்டியும் இருக்கும், பத்தாண்டுப் பழையதும் இருக்கும். சேறும் நசுங்கலும் ஒட்டுப்போட்ட டயரும் இருக்கும். பிற்காலத்தார் படைத்த 1935இல் எல்லா வண்டியும் மெருகு குலையாது மின்னும். அவை சேகரிப்போரிடம் வாடகைக்கு வாங்கியவை, கீறல் விழலாகாது.

பழமையை வேண்டுமென்றே காட்டும் படம் ஒன்று கூறுவாம். 1950இல் வந்த சன்செட் பொலிவார்டில் நார்மா டெஸ்மண்ட் என்னும் பாத்திரம் பேசாப் படக் காலத்து நட்சத்திரம். உலகம் தன்னை மறந்ததை ஒப்பாதவள். அவள் வீட்டுக் கொட்டகையில் நிற்பது இத்தாலிய இசோட்டா ஃபிராஸ்கினி, 1929ஆம் ஆண்டினது. மேற்கூடு மிலான் நகரத்துக் காஸ்தாஞா பட்டறையினது. அவ்வண்டி இன்று தூரின் நகரத்து மோட்டார் வண்டிக் காட்சிசாலையில் உளது. அதனை மட்டும் கண்டு ஆண்டு கூறுவோன் 21 ஆண்டு பிழைப்பான். ஆனால் கடன்காரர் பறிக்க வருகையில் கதைத் தலைவன் ஓட்டித் தப்பும் வண்டி 1946ஆம் ஆண்டுப் பிளிமத். புதியதே எல்லையைத் தீர்மானிக்கும் என்று முற்கூறிய விதி இங்கே நம்மைக் காக்கும். இரு வண்டியும் எதிரெதிர் நிற்க, அவளுடைய காலம் நின்றுவிட்டது 1929இல் என்பது சொல்லாமலே விளங்குகின்றது. 1929 பேசாப் படம் மாண்ட ஆண்டன்றோ?

மோட்டார் வண்டி ஒன்று படமொன்றின் காலத்தை மெய்யாகவே திருத்திய வரலாறு ஒன்றுண்டு. அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் மார்க்கெட் தெரு என்னும் பெருவீதி உளது. அங்கே மைல்ஸ் சகோதரர் என்னும் படக் கம்பெனியார், கம்பிவடத்தால் இழுக்கப்படும் டிராம் வண்டியின் முன்னே காமிராவை நிறுத்தி, கடற்கரையிலுள்ள படகுத்துறை மண்டபம் வரை வீதியை நேரே படம் பிடித்தனர். ஏறக்குறைய 13 நிமிஷம் ஓடும். கதையில்லை, நடிகரில்லை. குதிரை வண்டிகளும், பாரவண்டிகளும், டிராமுக்கு முன்னே அஞ்சாது குறுக்கிடும் மக்களும், செய்தித்தாள் சிறுவரும், தொப்பியணிந்த கனவான்களும், திறந்த மோட்டார் வண்டிகளும் நம்மை நோக்கி வந்து மறைகின்றன. அம்மோட்டார் வண்டிகளில் முன்கண்ணாடி இல்லை, ஸ்டியரிங் வலப்புறம்.

இப்படம் 1905 செப்டம்பரில் எடுக்கப்பட்டதென்று நெடுங்காலம் எழுதி வைத்திருந்தனர். கலிபோர்னியாவில் பேசாப் படக் காட்சிசாலையொன்றைச் சார்ந்த டேவிட் கீன் என்னும் வரலாற்றாசிரியர் இதனை ஐயுற்றார். தெருவில் ஆங்காங்கே நீர் தேங்கியிருக்கின்றது; மழை பெய்திருத்தல் வேண்டும். 1905 செப்டம்பரின் வானிலைக் குறிப்புகளிலோ மழையில்லை. கட்டிடங்களின் நிழலைக் கொண்டு சூரியன் நின்ற நிலையையும் ஆராய்ந்தார். பின்னர் மோட்டார் வண்டிகளின் நம்பர் பிளேட்டுகளை நோக்கினார். கலிபோர்னியாவில் 1905இல்தான் வண்டிகளை அரசாங்கத்தில் பதியும் சட்டம் வந்திருந்தது, பதிவேடுகள் எஞ்சியிருந்தன. படத்தில் ஓடும் வண்டியொன்றின் எண் 1906ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பதியப்பட்டது என்று ஏடு கூறிற்று. பதியப்படாத எண் பதிவதற்கு முன் தெருவில் ஓடாது. ஆகவே 1905 என்பது வீழ்ந்தது. மழைக் குறிப்புகளையும் அக்காலப் பத்திரிகைச் செய்திகளையும் சேர்த்து நோக்கியபோது, படம் எடுக்கப்பட்டது 1906 ஏப்ரலில் என்பது தெளிவாயிற்று.

1906 ஏப்ரல் 18ஆம் நாள் காலை 5 மணி 12 நிமிஷத்திற்குச் சான்பிரான்சிஸ்கோவைப் பூகம்பம் தாக்கிற்று. அதனைத் தொடர்ந்த தீ நகரத்தின் பெரும்பகுதியை எரித்தது. மாண்டார் தொகை ஏறக்குறைய 3,000 எனக் கணக்கிடுவர். படம் எடுக்கப்பட்டது அதற்குச் சில நாட்களே முன்பு. படத்தில் இருமருங்கும் நிமிர்ந்து நிற்கும் மாளிகைகளுட் பல அவ்வாரமே சாம்பலாயின. படம் எடுத்தோரின் தொழிற்கூடமும் அவ்வீதியிலேயே இருந்தது, அதுவும் எரிந்தது. பூகம்பத்துக்கு முந்திய இரவு புகைவண்டியில் நியூயார்க்குக்குச் சுருள் அனுப்பப்பட்டமையால் படம் பிழைத்தது.

1905 என்று எண்ணிக் காண்போனுக்கு இது வேடிக்கையான பழந்தெரு. ஏப்ரல் 1906 என்று அறிந்து காண்போனுக்கு அப்படி இராது. காமிராவைத் திரும்பிப் பார்த்து நகைக்கும் சிறுவனையும், கைக்கடிகாரமில்லாத அந்நாளில் எதிரே தெரியும் மண்டபத்தின் கோபுரக் கடிகாரத்தை நோக்கி விரையும் பெண்ணையும் அவன் வேறு கண்ணால் காண்பான். ஒரு படமும் மாறவில்லை; ஓர் ஆண்டெண் மாறிற்று, அவ்வளவே.

அவ்வண்டிகளைப் பற்றி இன்னுமொன்று சொல்லி முடிக்கின்றோம். மார்க்கெட் தெருவில் அக்காலத்தில் இத்துணை மோட்டார் வண்டிகளா என்று முதன்முறை காண்போர் வியப்பர். கூர்ந்து நோக்கினால், அவற்றுட் பெரும்பாலான ஒரு சில வண்டிகளே என்பது தெரியவரும். டிராமைக் கடந்து சென்று, பின்னே வளைந்து, மீண்டும் முன்வந்து, மீண்டும் மறைகின்றன. ஒரு வண்டி பத்துமுறை அளவும் இவ்வாறு வருகின்றது. நகரம் நாகரிகமும் செல்வமும் மிக்கது என்று காட்டப் படம் எடுத்தோர் செய்த ஏற்பாடு இதுவெனக் கொள்கின்றனர்.  படத்தைக் காணும் வாய்ப்புப் பெறுவோர், இடப்புறமாய்க் கடந்து செல்லும் ஒரு வண்டியைத் தேர்ந்து, அதில் அமர்ந்திருப்போரின் தொப்பியை நினைவிற்கொண்டு, அது எத்தனை முறை திரும்புகின்றது என்று தாமே எண்ணிப் பார்க்கலாம்.